மலைப்பிரசங்கத்தின்படி வாழத் தொடங்குவோருக்கு: எங்கே தொடங்குவது, எப்படித் தொடர்வது

கிறிஸ்தவ விசுவாசத்திற்குப் புதிதாக வருகிறவர்கள், மலைப்பிரசங்கம் எனப்படும் மத்தேயு நற்செய்தியின் 5, 6, 7 ஆம் அதிகாரங்களை முதல்முறை வாசிக்கும்போது பெரும்பாலும் திகைத்துப்போகிறார்கள். கோபப்படாதே, இச்சையோடு பாராதே, சத்தியம்பண்ணவே வேண்டாம், ஒரு கன்னத்தில் அறைந்தவனுக்கு மறு கன்னத்தையும் காட்டு, சத்துருவை நேசி, நாளையைக் குறித்துக் கவலைப்படாதே என்று கட்டளைகள் அடுக்கடுக்காக வருகின்றன. அவற்றைக் கேட்டதும், இது துறவிகளுக்குச் சொன்னதாக இருக்க வேண்டும், வேலைக்கும் வீட்டுக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கிற நமக்கு ஆகாது என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. ஆனால் அவற்றைச் சொன்ன இயேசுவே, அதே நற்செய்தியின் 11 ஆம் அதிகாரத்தில், தம்முடைய நுகம் மெதுவானது, தம்முடைய சுமை இலகுவானது என்றும் சொல்லியிருக்கிறார்.

இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும் என்ற கேள்விக்கு, புதியவர்களோடு பல ஆண்டுகளாக இந்த அதிகாரங்களை வாசித்து வந்ததில் எனக்குத் தெளிவான விடை ஒன்று உண்டு. இந்தக் கட்டளைகளை நம் உள்ளத்தில் உடனே உண்டாக வேண்டிய உணர்ச்சிகளாக எடுத்துக்கொண்டால் அவை நம்மை நசுக்கிவிடும். இன்றைக்குக் கையாலும் காலாலும் நாவாலும் செய்யக்கூடிய செயல்களாக எடுத்துக்கொண்டால், அவற்றில் பெரும்பாலானவை எவராலும் தொடங்கக்கூடியவை. உணர்ச்சி செயலுக்குப் பின்னால் மெதுவாக வந்து சேரும். கீழே வரும் படிகள் அந்த நம்பிக்கையில் எழுதப்பட்டவை.

ஆதித் திருச்சபையும் புதியவர்களை அவசரப்படுத்தியதில்லை. எருசலேமில் அப்போஸ்தலர்கள் கூடிப் பேசியதை அப்போஸ்தலர் நடபடிகள் 15 ஆம் அதிகாரம் சொல்கிறது. யூதரல்லாத புதிய சீஷர்கள்மேல், நம்முடைய பிதாக்களும் நாமும் சுமக்கக்கூடாதிருந்த நுகத்தை ஏன் சுமத்துகிறீர்கள் என்று அங்கே பேதுரு வாதாடினார். முதலாம் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட டிடாக்கே என்ற சிறு சபைக் கையேடு, கர்த்தருடைய முழு நுகத்தையும் சுமக்க முடிந்தால் நீ பூரணனாவாய், முடியாவிட்டால் உன்னால் முடிந்ததைச் செய் என்று புதியவர்களுக்குச் சொல்கிறது. ஞானஸ்நானத்திற்கு முன் மூன்று ஆண்டுகள் வசனம் கேட்டுப் பழக வேண்டும் என்ற வழக்கமும் பழைய சபை ஒழுங்குகளில் உண்டு. ஆகவே ஒரே வாரத்தில் எல்லாம் கைகூட வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

முதல் படி: மூன்று அதிகாரங்களையும் ஒரே அமர்வில் வாசியுங்கள்

மலைப்பிரசங்கம் மொத்தம் 111 வசனங்கள். வாய்விட்டு வாசித்தாலும் அரைமணி நேரம் ஆகாது. முதல்முறை எங்கும் நிற்காமல் வாசித்து முடியுங்கள். தனி வசனங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டுப் பழகியவர்களுக்கு, இது முழுவதும் பிதாவின் அன்பைப் பற்றிய பேச்சு என்பது அப்போதுதான் புலப்படும். இரண்டாம் முறை வாசிக்கும்போது கையில் பென்சில் வைத்துக்கொண்டு, எங்கெல்லாம் ஒரு செயல் சொல்லப்பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் கோடிடுங்கள். காணிக்கையை வைத்துவிட்டுப் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு, கேட்கிறவனுக்குக் கொடு, அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணு, உபவாசிக்கும்போது தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவு, உன்னைத் துன்பப்படுத்துகிறவனுக்காக வேண்டிக்கொள் என்று பக்கம் முழுவதும் வினைச்சொற்களாக இருப்பதைக் காண்பீர்கள்.

இடையில் வலது கண் இடறலுண்டாக்கினால் அதைப் பிடுங்கி எறி என்ற வசனம் வரும். புதியவர்கள் பலரை அச்சுறுத்துவது இதுவே. இயேசு தம் காலத்துப் போதகர்களைப் போல மிகைப்படுத்திச் சொல்லி உறைக்கவைத்தார். சபை இதை உடலைச் சேதப்படுத்தும் கட்டளையாக ஏற்கவில்லை. கி.பி. 325 இல் பேராயர்கள் கூடிய நிசேயா சங்கத்தின் முதல் விதியே, ஆரோக்கியமாக இருந்தும் தங்களைத் தாங்களே அண்ணகராக்கிக்கொண்டவர்கள், அதாவது ஆண்மையை நீக்கிக்கொண்டவர்கள், குருமார் பணியில் இருக்கக் கூடாது என்பதுதான். இந்த வசனம் கேட்பது இடறலுக்கு இடம்தருகிற வாய்ப்பை வெட்டிவிடுவதை. இரவில் கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்துவிட்டுத் தூங்குவது இதற்குக் கீழ்ப்படிகிற எளிய வழிகளில் ஒன்று. பலருக்கு அது ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

இரண்டாம் படி: பிறர் தந்த சொற்களால் ஜெபிக்கத் தொடங்குங்கள்

எப்படி ஜெபிப்பது என்று தெரியவில்லையே என்ற தவிப்பு புதியவர்களுக்கு வரும், அதிலும் சபையில் மற்றவர்கள் சரளமாக, நீளமாக ஜெபிப்பதைக் கேட்கும்போது அது இன்னும் கூடும். நீங்கள் சொந்தச் சொற்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. சீஷர்கள் கேட்டபோது இயேசு ஒரு சிறிய ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்தார். பரமண்டல ஜெபம் என்று அறியப்படுவது அது; கத்தோலிக்கர் வழக்கில் ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்று தொடங்கும். டிடாக்கே அதையே நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. காலையில் எழுந்ததும், மதியம் சாப்பிடும் முன்பு, இரவு படுக்கும் முன்பு என்று மூன்று வேளைகளில் நிதானமாகச் சொல்லுங்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும்.

அந்த ஜெபத்திலேயே இந்த வாழ்வின் அளவுகோல் இருக்கிறது. இன்றைக்கு வேண்டிய ஆகாரத்தை மட்டும் கேட்கச் சொல்லியிருக்கிறார். மாதத்துக்கானதையோ ஆண்டுக்கானதையோ சேர்த்துக் கேட்கச் சொல்லவில்லை. கீழ்ப்படிதலுக்கு வேண்டிய பெலனையும் இதே அளவில்தான் கேட்க வேண்டும் என்பது என் புரிதல். வாழ்நாள் முழுவதும் பொறுமையாக இருக்க உங்களுக்கு இன்றைக்குப் பெலன் இல்லாமல் இருக்கலாம், ஆனால் இன்றிரவு வரை பொறுமையாக இருக்கப் பெலன் கேட்கலாம்.

மூன்றாம் படி: நாவிலிருந்து தொடங்குங்கள்

மூன்று அதிகாரங்களில் எதை முதலில் கைக்கொள்வது என்று கேட்டால், உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்ற கட்டளையை எடுங்கள் என்பேன். ஏனென்றால் இதற்குப் பணம் வேண்டாம், பிறருடைய ஒத்துழைப்பு வேண்டாம், நீங்கள் கடைப்பிடித்தீர்களா இல்லையா என்பதும் அன்றிரவே தெரிந்துவிடும். வீட்டை விட்டே கிளம்பாத நேரத்தில் ‘வந்துகொண்டே இருக்கிறேன்’ என்று போனில் சொல்வது, வாசலில் நிற்பவரிடம் அப்பா வீட்டில் இல்லை என்று பிள்ளையைச் சொல்லவைப்பது, நம்பவைப்பதற்காக அம்மாமேல் ஆணையிடுவது போன்றவற்றை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் நாவு பழக்கத்தால் தானாகவே நழுவும். அப்படி நழுவினால் உடனே, ‘இல்லை, இன்னும் கிளம்பவில்லை, அரைமணி நேரம் ஆகும்’ என்று திருத்திச் சொல்லுங்கள். வாரம் முடிவதற்குள், எதை யாரிடம் சொன்னோம் என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய பாரம் குறைந்திருப்பதை உணர்வீர்கள். நுகம் இலகுவானது என்பதன் முதல் ருசி பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கிறது.

சகோதரனை மூடனே என்று ஏசுவதைப் பற்றிய வசனத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். கோபம் எழுவது உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம், அந்தச் சொல் வாயை விட்டு வெளியே வருவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

நான்காம் படி: கோபம், மன்னிப்பு, சத்துரு

எல்லோரும் தடுமாறுகிற இடம் இதுவே, ஆகவே சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சத்துருவை நேசி என்றவுடன், நமக்குத் துரோகம் செய்தவர்மேல் பாசம் பொங்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். அது பொங்காததால், நாம் கிறிஸ்தவர்களாக இருக்கத் தகுதியற்றவர்கள் என்றும் முடிவுசெய்துகொள்கிறோம். வேதம் அந்தப் பாசத்தைக் கேட்கவே இல்லை. யாத்திராகமம் 23 ஆம் அதிகாரத்தில், உன் சத்துருவின் மாடு வழிதப்பிப் போவதைக் கண்டால் அதை அவனிடம் கொண்டுபோய் விடு என்றும், உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் அவனுக்கு உதவிசெய் என்றும் சொல்லியிருக்கிறது. ரோமர் 12 ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலனாகிய பவுல், நீதிமொழிகளிலிருந்து எடுத்துக்காட்டி, உன் சத்துரு பசியாயிருந்தால் அவனுக்குப் போஜனங்கொடு, தாகமாயிருந்தால் பானங்கொடு என்கிறார். மாட்டை ஓட்டிக்கொண்டு போவதற்கும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பதற்கும் நெஞ்சில் பாசம் ஊறியிருக்க வேண்டியதில்லை.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். முதலில், உங்களைப் புண்படுத்தியவர்களில் மிகச் சிறிய காயம் செய்தவரைத் தேர்ந்தெடுங்கள். சொத்துத் தகராறில் பத்து ஆண்டுகளாகப் பேசாத சித்தப்பாவிடம் முதல் நாளே போகாதீர்கள். சிறிய காயம் செய்த அந்த ஒருவருடைய பெயரைச் சொல்லி, நாளுக்கு ஒருமுறை, அவருக்கு நல்ல சுகத்தையும் அவருடைய பிள்ளைகளுக்கு நல்ல வாழ்வையும் தரும்படி கேளுங்கள். மனம் ஒத்துழைக்காவிட்டாலும் சொற்களைச் சொல்லுங்கள். அடுத்து, அவரைப் பற்றி மூன்றாம் மனிதரிடம் குறைசொல்வதை நிறுத்துங்கள். பிறகு, சந்திக்க நேரும்போது நீங்களே முதலில் வணக்கம் சொல்லுங்கள். தங்கள் சகோதரர்களுக்கு மாத்திரம் வணக்கம் செய்வதில் விசேஷம் என்ன என்று இயேசு கேட்பது மத்தேயு 5 ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. பேச வேண்டிய விவகாரம் இருந்தால், மத்தேயு 18 ஆம் அதிகாரம் சொல்கிறபடி, ஊரைக் கூட்டாமல் அவரும் நீங்களும் தனித்திருக்கையில் பேசுங்கள். அவர் உங்களுக்குத் தவறு செய்தார் என்பதைப்போலவே, நீங்கள் யாருக்காவது தவறு செய்திருந்தாலும் காத்திருக்க வேண்டாம். ஆலயத்துக்குக் கொண்டுவந்த காணிக்கையைக்கூட அங்கேயே வைத்துவிட்டுப் போ என்று சொல்லியிருப்பது தவறு செய்தவருக்குத்தான்.

பேதுரு ஏழு முறை மன்னித்தால் போதுமா என்று கேட்டதற்கு ஏழெழுபது தரம் என்று இயேசு சொன்னதை, மன்னிப்பின் கடினத்துக்குச் சான்றாகப் பலர் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அது ஆறுதலாகவே தோன்றுகிறது. நேற்று மன்னித்துவிட்டோம் என்று நினைத்த காயம் இன்றைக்குக் காலையில் மறுபடியும் எரியும். நேற்றைய மன்னிப்பு பொய் என்று இதற்குப் பொருளில்லை, இன்றைக்கும் ஒருமுறை மன்னிக்க வேண்டும் என்பதே பொருள்.

இங்கே ஒன்றை உறுதியாகச் சொல்லியாக வேண்டும். மறு கன்னத்தைக் காட்டு என்ற வசனத்தை வைத்து, அடிக்கிற கணவனோடு அடங்கி வாழச் சொல்லி பெண்களுக்கு ஆலோசனை கொடுப்பது பெரும் பாவம். பிரதான ஆசாரியனுக்கு முன்பாகச் சேவகன் ஒருவன் அறைந்தபோது, என்னை ஏன் அடிக்கிறாய் என்று இயேசு நேருக்கு நேராகக் கேட்டதாக யோவான் 18 ஆம் அதிகாரம் சொல்கிறது. பவுலைச் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, தீர்ப்பளிக்கப்படாத ரோமக் குடிமகனை அடிப்பது நியாயமா என்று அவர் சட்டத்தைக் காட்டித் தடுத்தார். மன்னிப்பு பழிவாங்கும் உரிமையை விட்டுவிடுவது. தொடர்ந்து அடிவாங்கச் சம்மதிப்பது அதில் சேராது. வீட்டில் வன்முறை நடந்தால் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பெண்கள் உதவி எண் 181 ஐ அழையுங்கள். மன்னிப்பைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

ஐந்தாம் படி: கொடுங்கள், சேர்ந்து உண்ணுங்கள்

வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கக் கொடு என்ற கட்டளைக்கு, நம் ஊர்ச் சபைகளில் நெடுங்காலமாக இருந்துவரும் கைப்பிடி அரிசிக் காணிக்கையைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் இதைச் செய்துவருகிறார்கள், அந்த அரிசி அவர்களுடைய ஊழியப் பணிகளுக்குப் பெரிய ஆதாரமாக இருந்துவந்திருக்கிறது. ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் எவரும் பட்டினி கிடந்ததில்லை. இப்போது அரிசிக்குப் பதிலாகப் பணமாகவும் எடுத்துவைக்கலாம், அளவு சிறிதாகவும் வழக்கம் தவறாததாகவும் இருக்கட்டும். முடிந்தவரை, யாருக்குப் போகிறது என்பதை நீங்களும் பெறுகிறவரும் மட்டுமே அறியும்படி கொடுங்கள்.

பணம் இல்லாதவர்களும் செய்யக்கூடியவை உண்டு. மத்தேயு 25 ஆம் அதிகாரத்தில், இறுதித் தீர்ப்பின்போது நியாயாதிபதி கேட்கும் பட்டியலைப் பாருங்கள்: பசித்தவனுக்குச் சோறு, தாகமுள்ளவனுக்குத் தண்ணீர், அந்நியனுக்கு இடம், உடையில்லாதவனுக்குத் துணி, நோயாளியையும் சிறையில் இருப்பவனையும் போய்ப் பார்ப்பது. அதில் அற்புதம் எதுவும் இல்லை. உங்கள் தெருவில் தனியாக இருக்கிற முதியவரைப் போய்ப் பார்த்து அரைமணி நேரம் பேசியிருந்துவிட்டு வருவது அந்தப் பட்டியலுக்குள் அடங்கும்.

தமிழ்ச் சபைகளுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. சாதி இங்கே இன்னும் இருக்கிறது. 1833 இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளுக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாகவும் இறுதியாகவும் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அதை எதிர்த்துப் பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். இதைக் கண்டு மனம் கசந்து திரும்பிப் போய்விடாதீர்கள், ஆனால் இதற்கு உடன்படவும் வேண்டாம். ஆலயத்தில் யார் பக்கத்திலும் உட்காருங்கள். எல்லார் வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். திருநெல்வேலிப் பகுதிச் சபைகளில் நடக்கிற அசனம் போன்ற பொது விருந்துகளில் பந்தியில் கிடைத்த இடத்தில் அமர்ந்து சாப்பிடுங்கள். உன்னைப்போல் பிறனை நேசி என்ற கட்டளையை உடம்பால் கைக்கொள்ளும் இடம் இது.

கவலையைப் பற்றி

நாளைக்காகக் கவலைப்படாதே என்பது திட்டமிடாதே என்று பொருள்படாது. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொன்னவரும் இயேசுவே. இரவில் கவலை எழும்பினால் எழுதிவையுங்கள். நீங்கள் செய்யக்கூடிய வேலை ஏதாவது அதில் இருந்தால், அதை நாளைக் காலைக்கான முதல் வேலையாகக் குறித்துக்கொள்ளுங்கள். எதுவும் இல்லையென்றால் அதை ஜெபத்தில் ஒப்புக்கொடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள். அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்.

ஆறாம் படி: இதைத் தனியாகச் செய்யாதீர்கள்

நுகம் என்பது இரண்டு மாடுகளைச் சேர்த்துப் பூட்டுகிற கருவி. ஒற்றை மாடு இழுக்க முடியாத வண்டியை இரண்டு சேர்ந்து இழுத்துப் போகும். மலைப்பிரசங்கத்தின் கட்டளைகள் கூட்டாக வாழ்கிறவர்களுக்குச் சொல்லப்பட்டவை என்பதால், தனியாகக் கைக்கொள்ள முயல்கிறவர்கள் விரைவில் களைத்துப்போகிறார்கள்.

1742 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில், ஜெபக்கூடம் கட்டிய கடனை அடைப்பதற்காக ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று மெதடிஸ்டுகள் வசூலிக்கத் தீர்மானித்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பு. கொடுக்க முடியாத ஏழைகளுக்காக அந்தப் பொறுப்பாளரே கொடுத்தார். வாராவாரம் வீடு வீடாகப் போனபோது, மக்கள் எப்படி வாழ்கிறார்கள், எங்கே விழுகிறார்கள் என்பது பொறுப்பாளர்களுக்குத் தெரியவந்தது. அவர்களுடைய தலைவரான ஜான் வெஸ்லி இதைக் கண்டு, அந்தக் குழுக்களையே ஒருவரை ஒருவர் விசாரித்துத் தாங்கும் வாராந்தரக் கூட்டங்களாக ஆக்கினார். மெதடிஸ்டு இயக்கத்தை வளர்த்ததில் பிரசங்கங்களைவிட இவற்றுக்கே பங்கு அதிகம் என்று நான் கருதுகிறேன்.

உங்களுக்கு உடனே பன்னிரண்டு பேர் கிடைக்க மாட்டார்கள். ஒருவர் கிடைத்தால் போதும்: உங்களைவிட மூத்தவராக, வாயடக்கம் உள்ளவராக, தம்முடைய தவறுகளையும் சொல்லக்கூடியவராக இருக்கட்டும். ஆண்கள் ஆண்களையும் பெண்கள் பெண்களையும் தேர்ந்துகொள்வது நல்லது. வாரம் ஒருமுறை சந்தித்து, இந்த வாரம் எதைக் கைக்கொள்ள முயன்றோம், என்ன நடந்தது என்று இரண்டு பேரும் சொல்லுங்கள். பணம் கேட்கிறவரையும், உங்கள் குடும்பத்தாரிடமிருந்து உங்களைப் பிரிக்கப் பார்க்கிறவரையும் இந்த இடத்தில் வைக்காதீர்கள்.

தவறும்போது

நிச்சயமாகத் தவறுவீர்கள். பரமண்டல ஜெபத்தில் எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும் என்ற வரி, அன்றாட ஆகாரத்தைக் கேட்ட வரிக்கு அடுத்தபடியாகவே வருகிறது. உணவைப்போல மன்னிப்பும் நாள்தோறும் வேண்டியிருக்கும் என்பதை இயேசு அறிந்தே அப்படிக் கற்றுக்கொடுத்தார். இரவில் படுக்கும் முன் அன்றைய நாளை ஐந்து நிமிடம் பின்னோக்கிப் பாருங்கள். நன்றாக நடந்ததற்கு முதலில் நன்றி சொல்லுங்கள், பிறகு தவறியதைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள், யாருக்காவது ஈடுசெய்ய வேண்டியிருந்தால் அதை மறுநாளுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். வரி வசூலிப்பவனான சகேயு தான் அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திரும்பக் கொடுக்கிறேன் என்றது, இயேசு அவனுடைய வீட்டுக்கு வந்த பிறகுதான். ஏற்றுக்கொள்ளப்பட்டது முந்தியது, திருத்தம் பிந்தியது. இந்த வரிசையை மறந்துபோனவர்களுக்குத்தான் கிறிஸ்தவ வாழ்க்கை முடிவில்லாத தேர்வைப்போல ஆகிவிடுகிறது.

ஜீவனுக்குப் போகிற வாசல் இடுக்கமானது என்றும் இதே பிரசங்கத்தில் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நேர்மையான கேள்வி அது. ஆறாம் நூற்றாண்டில் துறவியர் மடங்களுக்கு ஒழுங்குவிதி எழுதிய புனித பெனடிக்ட், தம் முன்னுரையிலேயே, கடுமையானதோ பாரமானதோ எதையும் விதிக்க நான் விரும்பவில்லை என்று சொல்லிவிட்டு, இரட்சிப்பின் வழி தொடக்கத்தில் இடுக்கமாகத்தான் இருக்கும், ஆகவே பயந்து ஓடிவிடாதே, போகப்போக இதயம் விரிந்து தேவனுடைய கட்டளைகளின் வழியில் ஓடுவாய் என்றும் எழுதினார். வாசல் இடுக்கமாக இருப்பது உண்மை. பல சுமைகளைக் கீழே வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய முடியும். நேரம் தவறிவிட்டேன் என்று மறைக்காமல் சொல்வதும், முதலில் வணக்கம் சொல்வதும், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுப்பதும் செய்யும் அந்த நொடியில் கூசத்தான் செய்யும்.

மூன்று மாதங்களுக்குப் பிறகு

வாரத்துக்கு ஒரு கட்டளை என்ற கணக்கில் போனால், மூன்று மாதங்களில் மலைப்பிரசங்கத்தின் முக்கியமான கட்டளைகளை ஒருமுறை தொட்டுவிடலாம். அப்போது மூன்று அதிகாரங்களையும் மறுபடியும் ஒரே அமர்வில் வாசியுங்கள். முதல்முறை கோடிட்ட இடங்களில் எவை இப்போது வழக்கமாகிவிட்டன, எவை இன்னும் உறுத்துகின்றன என்று பாருங்கள். உறுத்துகிறவற்றில் இரண்டை அடுத்த மூன்று மாதங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். அதன்பின் லூக்கா 6 ஆம் அதிகாரத்தையும், ரோமர் 12 ஆம் அதிகாரத்தையும், யாக்கோபின் நிருபம் முழுவதையும் இதே முறையில் பென்சிலோடு வாசியுங்கள். ஞானஸ்நானம் பெற வேண்டும் என்ற விருப்பம் இதற்கிடையில் எழுந்தால், போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ நேரில் போய்ச் சொல்லுங்கள். அதற்கு முன், உங்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்கிற தாய் தகப்பனிடமும் வாழ்க்கைத்துணையிடமும், அவர்கள் வேறு சமயத்தவராக இருந்தாலும், மறைக்காமல் பேசிவிடுங்கள்.